காரில் இரண்டு பைகள்: ஆஸ்டின் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

ஆஸ்டினிலும் ரவுண்ட் ராக், சீடர் பார்க், லியாண்டர் பக்கங்களிலும் பெண் பிள்ளைகளை வளர்க்கும் அண்ணன், அக்கா, தம்பி, தங்கைகளுக்கு,

வணக்கம்.

பிப்ரவரி பிறந்துவிட்டால் என் காரின் பின்பக்கத்தில் இரண்டு பைகள் கிடக்கும். ஒன்றில் கூடைப்பந்து ஷூவும் முழங்கால் பட்டையும். இன்னொன்றில் கிளவ், ஹெல்மெட், மட்டை, காய்ந்த மண் உதிரும் கிளீட்ஸ். என் மகளுக்கு 13 வயது. இரண்டு ஆட்டமும் ஆடுகிறாள். கூடைப்பந்துப் பருவம் முடிவதற்கு முன்பே, பேஸ்பால் மாதிரி ஆடும் சாஃப்ட்பாலின் பருவம் ஆரம்பித்துவிடும். ஒரே வாரத்தில் அங்கே ஒரு மேட்ச், இங்கே இரண்டு பயிற்சி என்று ஓடுவோம். வீட்டுப்பாடமெல்லாம் காரில்தான்.

இந்த ஆண்டு அவளுடைய பயிற்சியாளர்களில் ஒருவர் மின்னஞ்சல் அனுப்பினார். இனிமேல் ஏதாவது ஒரு ஆட்டத்தோடு நிற்பது நல்லது, எது என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள் என்று. மரியாதையாக எழுதியிருந்தார். ஆனாலும் அதைப் படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. இரண்டு நாள் என் கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

நான் திண்டுக்கல்லில் படித்தவள். எங்கள் பள்ளியில் சிமெண்ட் தரை போட்ட பாஸ்கெட்பால் கோர்ட் ஒன்று இருந்தது. காலை ஆறு மணிக்குப் பயிற்சி. விழுந்தால் முழங்கை தேயும், பி.டி. டீச்சர் டிஞ்சர் தடவிவிட்டு மறுபடி ஓடச் சொல்வார். வளையத்தில் வலை பாதிநாள் இருக்காது, பந்து உள்ளே போனதா என்பதே சண்டையாகும். அவ்வளவு சந்தோஷமாக நான் வேறெங்கும் இருந்ததில்லை. பத்தாம் வகுப்பு வந்தது. "இந்த ஒரு வருஷம் மட்டும் விட்டுடும்மா, படிப்பைப் பார்" என்றார்கள். யாரும் கடுமையாகச் சொல்லவில்லை. அப்பா, தலைமையாசிரியை, பக்கத்து வீட்டு அத்தை என்று எல்லோரும் அன்பாகத்தான் சொன்னார்கள். சரி என்று தலையாட்டினேன். பொதுத்தேர்வு முடிந்த பிறகு, திரும்பப் போய் ஆடு என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அதனால்தான் இந்த மடல். நான் கேட்பது ஒன்றே ஒன்று. பிப்ரவரி தொடக்கத்திலிருந்து ஏப்ரல் முதல் வாரம் வரை, டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் பெண்கள் கூடைப்பந்து அணியும் சாஃப்ட்பால் அணியும் ஒரே காலத்தில் ஆடுகிற அந்த எட்டு ஒன்பது வாரங்களில், உங்கள் மகளை இரண்டுக்கும் கூட்டிக்கொண்டு போங்கள். முடிந்தால் ஒரே நாளில். எந்த ஆட்டத்தை விடுவது என்ற பேச்சை அதற்குப் பிறகு எடுக்கலாம்.

இந்த இரண்டு பருவமும் ஏன் இப்படி ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன என்று என் மகள் ஒருமுறை கேட்டாள். கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து நவம்பர் முதல் வாரம் தொடங்கும். டெக்சாஸ் ஆடும் எஸ்.இ.சி. என்ற கல்லூரி லீக்கின் ஆட்டங்கள் மார்ச் ஆரம்பம் வரை, பெரும்பாலும் வியாழனும் ஞாயிறும். அதன் பிறகு லீக் போட்டித் தொடர். பிறகு 68 அணிகள் மோதும் தேசியப் போட்டி, அது ஏப்ரல் முதல் வாரம் வரை இழுக்கும். சாஃப்ட்பால் திறந்தவெளி ஆட்டம். வெயில் வரட்டும் என்று காத்திருந்தால் மே மாதம் கல்லூரி மூடிவிடுவார்கள். அதனால் பிப்ரவரியிலேயே தொடங்கிவிடுகிறார்கள். வடக்கே பனி மூடிக் கிடக்கும் ஊர்க் கல்லூரிகள் முதல் சில வாரங்கள் டெக்சாஸ், புளோரிடா, அரிசோனா என்று தெற்கே வந்து ஆடிவிட்டுப் போகும். எல்லாம் சேர்ந்து வழக்கமான பருவத்துக்கு 56 ஆட்டம் வரை ஆடலாம். இவ்வளவையும் நான்கு மாதத்துக்குள் அடைக்க வேண்டியிருப்பதால் கூடைப்பந்து முடியட்டும் என்று காத்திருக்க முடியாது.

இதனால் என்ன ஆகிறது? பிப்ரவரியில் ஊர் பேசுவது கூடைப்பந்தைப் பற்றி. சாஃப்ட்பால் பெண்களின் முதல் பதினைந்து ஆட்டங்கள் பாதிப் பேருக்குத் தெரியாமலே நடந்து முடிகின்றன. மார்ச்சில் இது தலைகீழ். வெளியூரில் கூடைப்பந்து அணி உயிரைக் கொடுத்து ஆடிக்கொண்டிருக்க, இங்கே புளூபானெட் பூத்துவிட்டதென்று எல்லோரும் வெளியே கிளம்பிவிடுவார்கள். எது முக்கியம் என்ற கேள்வியைப் பெரியவர்களே எழுப்பிக்கொள்கிறோம், பெரியவர்களே பதிலும் சொல்லிக்கொள்கிறோம். களத்தில் இருக்கும் பெண்களுக்கு அப்படி ஒரு கேள்வியே கிடையாது.

இடத்தைப் பற்றிச் சொல்கிறேன். கூடைப்பந்து நடப்பது மூடி சென்டரில். 2022-ல் திறந்த அரங்கம், பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் உட்காரலாம். சாஃப்ட்பால் நடப்பது மெக்கோம்ப்ஸ் ஃபீல்டில். ஐ-35 நெடுஞ்சாலைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, நடந்தே போய்விடலாம். மெக்கோம்ப்ஸ் அரங்கம் சிறியது. நமக்கு நல்லதே அதுதான். எந்த இருக்கையில் உட்கார்ந்தாலும் பந்து கிளவுக்குள் விழும் சத்தம் காதில் கேட்கும். பந்து வீசும் பிட்ச்சர் மூச்சை இழுத்து விடுவது தெரியும். அணியினர் உட்காரும் டக்அவுட்டில் பெண்கள் பாடுவது கேட்கும்.

ஆமாம், பாடுவார்கள். சாஃப்ட்பாலில் இது ஒரு வழக்கம். மட்டை பிடிக்கப் போகும் தோழிக்காக மற்றவர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு கைதட்டி, ஒருத்தி எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். முதல் தடவை கேட்டபோது எனக்குச் சட்டென்று ஊர்த் திருவிழாவில் பெண்கள் கும்மி கொட்டுவதுதான் நினைவுக்கு வந்தது. என் மகளுக்குக் கும்மி தெரியாது. ஆனால் அந்தத் தாளம் அவளுக்கு உடனே பிடிபட்டுவிட்டது.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த கண்களுக்கு சாஃப்ட்பால் அரை மணி நேரத்தில் புரிந்துவிடும். 2025 நவம்பர் 2 அன்று நவி மும்பையில் நம் பெண்கள் தென்னாப்பிரிக்காவை வென்று உலகக் கோப்பையைத் தூக்கியதை இங்கே எத்தனை வீடுகளில் அதிகாலையில் எழுந்து பார்த்தோம்! அதே கண்களோடு வாருங்கள். பந்து வீசுகிறவர் கையைக் காற்றாலைபோல ஒரு முழுச் சுற்றுச் சுற்றி இடுப்புக்குக் கீழிருந்து வீசுவார். கீழ்க்கை வீச்சுதானே, மெதுவாகத்தான் வரும் என்று நினைத்துவிடாதீர்கள். கிரிக்கெட்டில் ஸ்டம்புக்கு ஸ்டம்ப் 66 அடி. இங்கே வீசும் இடத்திலிருந்து, மட்டை பிடிப்பவர் நிற்கும் ஹோம் பிளேட் 43 அடி. மணிக்கு 110 கிலோமீட்டரைத் தாண்டி வருகிற பந்தை ஆட அரை விநாடிகூடக் கிடைக்காது. அதிலும் ரைஸ் பால் என்று ஒன்று, மேலே ஏறுவதுபோல வந்து மட்டையை ஏமாற்றும். டிராப் பால் நம் யார்க்கர் மாதிரி கடைசி நேரத்தில் விழும். ரன் எடுக்க வரிசையாகத் தொட்டு ஓடும் பேஸ்களுக்கு இடையே 60 அடிதான் என்பதால் தரையில் உருளும் பந்தை ஃபீல்டர் ஒரு கணம் தடுமாறி எடுத்தாலும் ஓடுகிறவள் போய்ச் சேர்ந்துவிடுவாள். ஏழு இன்னிங்ஸ், ஏறக்குறைய இரண்டு மணி நேரம். ஐந்து இன்னிங்ஸுக்குப் பிறகு எட்டு ரன் வித்தியாசம் இருந்தால் ஆட்டம் அத்தோடு முடிந்தது. சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்களுக்கு வசதி.

கூடைப்பந்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. தமிழ்நாட்டில் பள்ளிக்கூடக் கோர்ட்டில் ஆடாத, குறைந்தது ஓரமாக நின்றாவது பார்க்காத பெண்கள் நம்மில் குறைவு. இந்திய அணித் தலைவராக இருந்து 2021-ல் பத்மஸ்ரீ வாங்கிய அனிதா பால்துரை சென்னைக்காரர். இது நம் ஊர் ஆட்டமும்தான். ஆனால் ஒன்று கவனியுங்கள். டெக்சாஸ் அணியின் பயிற்சியாளர் விக் ஷேஃபர் முதலில் பார்ப்பது எதிரணியைத் தடுப்பதை. எதிரணி பந்தை எடுத்துக்கொண்டு பாதிக் கோர்ட்டைத் தாண்டுவதற்குள் நாக்கு தள்ளிவிடும். அந்தத் தடுப்பாட்டத்தின் முன்னணியில் நின்றவர் ரோரி ஹார்மன், ஹூஸ்டன்காரர். 2023 டிசம்பரில் முழங்கால் ஏ.சி.எல். தசைநார் கிழிந்து அந்தப் பருவம் முழுக்க வெளியே உட்கார்ந்தார். அடுத்த பருவம் திரும்பி வந்தார். 2025-ல் அணி 2003-க்குப் பிறகு முதல் முறையாக தேசியப் போட்டியின் இறுதி நான்கு அணிகளுக்குள் போனபோது அவர் களத்தில் இருந்தார். அடிபட்டுத் திரும்பி வந்த ஒருத்தி மறுபடி தரையில் பாய்ந்து பந்தைப் பிடிப்பதை உங்கள் மகள் பத்தடி தூரத்திலிருந்து பார்க்க வேண்டும். நீங்களும் நானும் ஆயிரம் வார்த்தை சொன்னாலும் அதற்கு ஈடாகாது.

இந்த அணிகள் எப்படி வந்தன என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

1972 ஜூனில் டைட்டில் ஒன்பது என்ற சட்டம் வந்தது. அரசுப் பணம் வாங்கும் கல்வி நிலையத்தில் ஆண், பெண் பாகுபாடு கூடாது என்பது அதன் சாரம். அதை உருவாக்கப் பாடுபட்டவர்களில் ஒருவர் ஹவாயைச் சேர்ந்த பேட்ஸி மிங்க், ஆசிய வம்சாவளிப் பெண். சட்டத்தின் வாசகத்தில் விளையாட்டு என்ற சொல்லே இல்லை. ஆனாலும் பெண்கள் விளையாட்டுக்குக் கதவு திறந்தது அதனால்தான். இங்கே டெக்சாஸில் கூடைப்பந்து முதலில் வளர்ந்தது. ஜோடி கான்ராட் என்ற பயிற்சியாளர் 1986-ல் அணியை 34 ஆட்டத்தில் 34-ம் ஜெயிக்க வைத்தார். தோல்வியே இல்லாமல் பெண்கள் என்.சி.ஏ.ஏ. பட்டத்தை, அதாவது கல்லூரிகளின் தேசியப் பட்டத்தை, வென்ற முதல் அணி அது.

சாஃப்ட்பாலின் கதை வேறு. கூடைப்பந்தில் அப்படிப் பட்டம் வாங்கிய பிறகும் அந்தப் பல்கலைக்கழகத்தில் பெண்களுக்கு சாஃப்ட்பால் அணி கிடையாது. 1992-ல் சில மாணவிகள் பல்கலைக்கழகத்தின் மீது வழக்குப் போட்டார்கள். எங்களுக்கும் ஆட இடம் வேண்டும், சட்டம் அதைத்தான் சொல்கிறது என்று. 1993-ல் சமரசம் ஆனது. கால்பந்தும் சாஃப்ட்பாலும் சேர்க்க ஒப்புக்கொண்டார்கள். 1997-ல் சாஃப்ட்பால் அணி களம் இறங்கியது. வழக்குப் போட்டவர்கள் படிப்பை முடித்துப் போயிருப்பார்கள். அவர்கள் கேட்டது பின்னால் வரப்போகும் பெண்களுக்காக. மெக்கோம்ப்ஸ் ஃபீல்டில் உட்கார்ந்து கடலை கொறிக்கும்போது இதை நினைக்காமல் என்னால் இருக்க முடிவதில்லை.

அடுத்த சில ஆண்டுகளிலேயே கேட் ஆஸ்டர்மன் வந்தார். ஹூஸ்டன் பக்கத்துப் பெண், இடக்கை பிட்ச்சர். கல்லூரி நாட்களில் மொத்தம் 2,265 பேரை ஸ்டிரைக் அவுட், அதாவது பந்தை அடிக்க விடாமலே அவுட், ஆக்கினார். நடுவில் 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் தங்கமும் வாங்கினார். அப்படிப்பட்டவர் இருந்தும் தேசியப் பட்டம் மட்டும் கைக்கு வரவில்லை. 2022-லும் 2024-லும் இறுதிவரை போய் ஓக்லஹோமாவிடம் தோற்றார்கள்.

பிறகு 2025. அந்த வசந்த காலத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். மார்ச்சில் கூடைப்பந்து தேசியப் போட்டியின் முதல் இரண்டு சுற்றும் மூடி சென்டரிலேயே நடந்தன. வில்லியம் அண்ட் மேரி, இல்லினாய் இரண்டையும் வென்று, பர்மிங்காமில் டி.சி.யு. என்ற டெக்சாஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகத்தைத் தாண்டி, டாம்பாவில் தென் கரோலினாவிடம் 74-57 என்று தோற்றார்கள். என் மகள் அழுதாள். மறுநாள் காலையில் அவளே கேட்டாள், "அம்மா, சாஃப்ட்பால் இருக்குல்ல?" இருக்கிறது என்றேன். இரண்டு பருவமும் சேர்ந்து வருவதால் எனக்குத் தெரிந்து கிடைக்கிற பெரிய வரம் இதுதான். ஒன்று முடிந்த இடத்தில் இன்னொன்று பாதி வழியில் ஓடிக்கொண்டிருக்கும்.

ஜூனில் ஓக்லஹோமா சிட்டியில் சாஃப்ட்பால் இறுதித் தொடர், டெக்சாஸுக்கும் இதே மாநிலத்தின் இன்னொரு பல்கலைக்கழகமான டெக்சாஸ் டெக்குக்கும். எதிரணிப் பிட்ச்சர் நைஜாரி கனடி. ஸ்டான்ஃபோர்டிலிருந்து டெக்சாஸ் டெக்குக்கு மாறியபோது ஒரு மில்லியன் டாலருக்கும் மேலான ஒப்பந்தம் போட்டவர். முதல் ஆட்டத்தில் டெக்சாஸ் ஒரு ரன் பின்தங்கியிருந்தது. இரண்டு பேர் பேஸில். மட்டை பிடித்து நின்றவர் கேட்ச்சர் ரீஸ் ஆட்வுட். அவரை அடிக்க விடாமல், நான்கு பந்தை எட்டாத இடத்தில் போட்டு முதல் பேஸுக்குச் சும்மா நடக்க விட்டுவிடுவது என்று எதிரணி முடிவு செய்தது. மூன்று பந்து வேண்டுமென்றே வெளியே போயின. நான்காவது பந்து போதுமான அளவு வெளியே போகவில்லை. ஆட்வுட் எட்டி அடித்தார். இரண்டு ரன், 2-1. நடக்க விட்டால் போதும் என்று சும்மா நிற்காமல் மட்டையைத் தயாராக வைத்திருந்தாரே, அதை வீட்டில் எத்தனை முறை திரும்பத் திரும்பப் பார்த்தோம் என்று கணக்கில்லை.

இரண்டாவது ஆட்டம் டெக்சாஸ் டெக்குக்கு. மூன்றாவது ஆட்டத்தில் மியா ஸ்காட் கிராண்ட் ஸ்லாம் அடித்தார், நான்கு ரன் ஒரே அடியில். கிழிந்த ஏ.சி.எல்.லோடு அவர் ஆடிக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் வெளியே வந்தது. உங்கள் பிள்ளைகள் அப்படி ஆட வேண்டும் என்று நான் சொல்லவில்லை, ஒரு அம்மாவாக அதைக் கேட்டபோது எனக்குப் பதறியது. 10-4 என்று ஜெயித்து, அந்த வழக்கில் பிறந்த அணி தன் முதல் தேசியப் பட்டத்தை வாங்கியது. தொடரின் சிறந்த ஆட்டக்காரர் பிட்ச்சர் டீகன் கவன்.

இந்த நைஜாரி கனடியைப் பற்றி இன்னொன்று. கான்சாஸில் பள்ளியில் படித்தபோது அவர் கூடைப்பந்தும் ஆடினார். நாட்டிலேயே பேர்போன சாஃப்ட்பால் பிட்ச்சராக வந்தவர் பள்ளி நாட்களில் கூடைப்பந்தை விடவில்லை. அந்த மின்னஞ்சல் வந்த இரவு எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அதுதான்.

பயிற்சியாளர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பிப்ரவரியில் பயிற்சிக்குப் பாதிப் பேர் வரவில்லை என்றால் அவர்களுக்கும் சிரமம். செலக்ட் அணிகளில் ஆண்டு முழுக்க ஒரே ஆட்டம், வார இறுதி தோறும் வெளியூர்ப் போட்டி, நிறையச் செலவு. பணம் கட்டிய பெற்றோர் நாமே "இவ்வளவு செலவழிக்கிறோம், ஒன்றிலாவது மேலே வரட்டும்" என்று நினைக்கிறோம். ஆனால் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொல்வது வேறு. 15, 16 வயது வரையாவது ஒரே ஆட்டத்தில் அடைந்துவிடாமல் பல ஆட்டம் ஆட விடுங்கள் என்கிறார்கள். ஒரே தோள், ஒரே முழங்கால் ஆண்டு முழுக்க ஒரே அசைவைச் செய்தால் தேயும். ஆட்டத்தின் மேல் வெறுப்பும் வரும். கோர்ட்டில் பக்கவாட்டில் நகரக் கற்ற கால்கள், இரண்டாவது மூன்றாவது பேஸுக்கு நடுவில் இருக்கும் ஷார்ட் ஸ்டாப் இடத்தில் பந்தைத் தடுக்கின்றன. என் மகளிடம் இதை நான் கண்ணால் பார்க்கிறேன்.

ஸ்காலர்ஷிப் கணக்கும் நம் வீடுகளில் ஓடுகிறது என்று தெரியும். நேராகவே பேசுவோம். 2024-25 வரை இருந்த விதிப்படி மேல்மட்டப் பிரிவில் பெண்கள் கூடைப்பந்துக்கு ஒரு கல்லூரி 15 முழு உதவித்தொகை தரலாம். சாஃப்ட்பாலுக்கு மொத்தமே 12, அதை அணியில் இருக்கும் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் துண்டு துண்டாகப் பகிர்ந்துகொள்வார்கள். 2025 ஜூனில் நீதிமன்றம் ஒப்புதல் தந்த ஏற்பாட்டுக்குப் பிறகு, அதில் சேர்ந்த கல்லூரிகளில் அந்த வரம்புகள் போய், அணிக்கு இத்தனை பேர் என்ற வரம்பு வந்திருக்கிறது, கூடைப்பந்துக்கு 15, சாஃப்ட்பாலுக்கு 25. யாருக்கு எவ்வளவு என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். இதை நம்பி 13 வயதில் ஒரு ஆட்டத்தைக் கைகழுவச் சொல்வது நியாயமில்லை. நம் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் கல்லூரி அணியில் ஆடப்போவதில்லை. என் மகளும் ஆடாமல் போகலாம். அதனால் என்ன?

அப்புறம், நம் ஆட்கள் என்னிடம் சொன்ன காரணங்கள்.

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளி இருக்கிறது, பரதநாட்டிய வகுப்பு இருக்கிறது என்கிறீர்கள். இருக்கட்டும். நானும்தான் கூட்டிப் போகிறேன். ஆனால் எட்டு வாரத்தில் ஒரு ஞாயிறு கேட்கிறேன். சனிக்கிழமை ஆண்கள் ஃபுட்பால் என்றால் ஒரு லட்சம் பேர் அடைகிற அரங்கத்தில் நம் அண்ணன் தம்பிகள் ஆரஞ்சுச் சட்டையோடு நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். அதே சட்டையைத்தான் இந்தப் பெண்களும் போடுகிறார்கள். டிக்கெட் விலையும் அதைவிடக் குறைவு.

இன்னொரு காரணத்தை யாரும் மேடையில் சொல்ல மாட்டார்கள், சமையலறையில் சொல்வார்கள். "வெயில்ல நின்னா கறுத்துப் போயிடுவா." "இந்த வயசுல ஷார்ட்ஸ் போட்டுக்கிட்டு..." என் மகள் முன்னாலேயே ஒருமுறை ஒருவர் சொன்னார். அவள் அன்றிரவு கண்ணாடி முன்னால் ரொம்ப நேரம் நின்றாள். அக்காமார்களே, தயவுசெய்து இதைச் சொல்லாதீர்கள். நம் வீட்டுப் பெண்கள் எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பில் ஒருவர்பின் ஒருவராக ஆட்டத்தை விடுவதற்குப் படிப்பு மட்டும் காரணமில்லை. இந்த மாதிரிச் சொற்கள் ஒவ்வொன்றாக உள்ளே இறங்குகின்றன. மாநிறமும் கறுப்பும் வெளுப்புமாக எத்தனையோ நிறத்துப் பெண்கள் வெயிலில் வியர்த்து, மண்ணில் சறுக்கி எழுந்து, ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக் கத்துவதை அவள் பார்க்க வேண்டும். அந்த உடம்புகள் என்னவெல்லாம் செய்கின்றன என்று பார்க்க வேண்டும்.

பெண்கள் ஆட்டத்தை யார் பார்ப்பார்கள் என்று ஒரு தம்பி கேட்டார். 2021-ல் இங்கிருந்து ஒன்றரை மணி நேரத்தில் இருக்கும் சான் அன்டோனியோவில் பெண்கள் தேசியப் போட்டி நடந்தது. ஆண்களுக்குப் பெரிய உடற்பயிற்சிக் கூடம், பெண்களுக்கு ஒரு சின்ன அடுக்கு எடையும் யோகா பாயும். ஒரு வீராங்கனை அதைப் படம் பிடித்துப் போட, நாடே பார்த்தது. மார்ச் மேட்னஸ் என்ற பெயரைக்கூடப் பெண்கள் போட்டிக்கு 2022 வரை பயன்படுத்தவில்லை. மூன்றே ஆண்டுகளில், 2024-ல், அயோவாவும் தென் கரோலினாவும் மோதிய பெண்கள் இறுதியை ஏறக்குறைய 1.9 கோடிப் பேர் பார்த்தார்கள். ஆண்கள் இறுதியைப் பார்த்தவர்களைவிட அது அதிகம். பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். நம்மைத்தான் அங்கே காணவில்லை.

மகன்களையும் கூட்டி வாருங்கள். தன் அக்கா ஆடுகிற ஆட்டத்துக்குப் பத்தாயிரம் பேர் எழுந்து நிற்பதை ஒரு பையன் பார்ப்பதும் நல்லதுதான்.

நடைமுறை விஷயங்கள் கொஞ்சம். உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் பையாக எடுத்து வாருங்கள், பெரிய கைப்பையைக் காரிலேயே வைத்துவிடுங்கள். பிப்ரவரியில் காலையில் குளிர்ந்தாலும் மதியம் வெயில் சுடும், பிறகு திடீரென்று வடக்கிலிருந்து காற்று அடிக்கும், ஸ்வெட்டரும் தொப்பியும் இரண்டுமே எடுத்து வாருங்கள். சீடர் மகரந்தம் ஒத்துக்கொள்ளாதவர்கள் மாத்திரை போட்டுக்கொண்டு வாருங்கள். மெக்கோம்ப்ஸ் ஃபீல்டில் டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், எஸ்.இ.சி. வார இறுதிகளுக்கு முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். இரண்டு அணியும் ஒரே ஞாயிறு ஊரில் இருந்தால், அட்டவணையில் நேரத்தைப் பார்த்து ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடக்கலாம். பிள்ளைகள் வழியெல்லாம் பேசிக்கொண்டே வருவார்கள்.

அந்த மின்னஞ்சலுக்கு ஞாயிற்றுக்கிழமை பதில் போட்டேன். எழுதும் முன் மகளிடம் கேட்டேன். "ரெண்டும் ஆடுவேன். டயர்டா இருந்தா நானே சொல்றேன், சரியா?" என்றாள். அதையே அப்படியே மொழிபெயர்த்து அனுப்பினேன். பயிற்சியாளர் சனிக்கிழமைப் பயிற்சி நேரத்தை ஒரு மணி நேரம் தள்ளிவைத்தார். அவளைப் போலவே இன்னும் மூன்று பெண்கள் இரண்டு ஆட்டமும் ஆடுகிறார்கள் என்பது அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது.

பிப்ரவரியில் இரண்டு அணியும் ஊரில் இருக்கும் முதல் ஞாயிறு நாங்கள் மெக்கோம்ப்ஸ் ஃபீல்டில் மூன்றாவது பேஸ் பக்கம் உட்கார்ந்திருப்போம். அங்கிருந்து மூடி சென்டருக்கு நடப்போம். திரும்பி வந்ததும் சாப்பிட காரில் புளியோதரை இருக்கும், நான்கு குடும்பத்துக்குக் காணும். வருகிறவர்கள் பிள்ளைகளுக்குப் பழைய கிளவ் ஒன்று இருந்தால் எடுத்து வாருங்கள். ஓரம் தாண்டி வரும் பந்துகள் சில சமயம் நம் பக்கம் விழும்.

அன்புடன்,
வடக்கு ஆஸ்டினிலிருந்து ஒரு அம்மா